சிறகியின் சிறகு: அடையாற்றுக் கழிமுகத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் 'சிறை' என்னும் சொல்லுக்குச் சிறகு என்பது ஒரு பொருள். காவல் என்பது மற்றொரு பொருள். நீரைத் தடுத்து நிற்கும் அணை, கரை என்பன வேறு பொருள்கள். அகத்துறைகளில் பழகியோர்க்குச் 'சிறைப்புறம்' என்ற தொடரும் புதிதன்று. பறப்பதற்குரிய உறுப்பையும் பறக்கவொட்டாமல் அடைக்கும் இடத்தையும் ஒரே சொல்லால் குறித்தது ஏன் என்று வகுப்பறையில் மாணவியர் என்னைக் கேட்டதுண்டு. ஒரு பக்கமாய் ஒதுங்கி நிற்பது என்னும் கருத்திலிருந்து இப்பொருள்கள் கிளைத்திருக்கலாம் என்று விடை கூறிவிட்டு அடுத்த செய்யுளுக்குச் சென்றுவிடுவேன். அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை என்பதை உணர்த்தியது நூலகம் அன்று. நம் வட்டத்தாரின் ஞாயிற்றுக்கிழமைக் காலை நடையேயாகும்.

அந்நடையை அன்பர்கள் அறிவர். எலியட்ஸ் கடற்கரையில் தொடங்கி, ஊரூர்க் குப்பத்தையும் ஒல்காட் குப்பத்தையும் கடந்து, உடைந்த பாலத்தின் அடியில் நின்று, அடையாறு கடலில் கலக்குமிடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்புவது நம் வழக்கம். திரும்பியபின் கவிதை வாசிப்பு நிகழும். இரண்டு ஆண்டுகளுக்குமுன் ஒரு மார்கழிக் காலையில், கழிமுகத்தின் ஆழமற்ற நீரில் நீலச்சிறகிகள் மேய்ந்து கொண்டிருந்த கூட்டத்தின் ஓரமாக ஒரு புள்ளிமூக்கு வாத்து தனித்து நின்றது. அதன் இடச்சிறகின் நுனிப்பகுதி உடலோடு மடங்கி அமையாமல், விசிறியின் காம்பு முறுகியது போல் வெளிப்புறமாக நீட்டிக்கொண்டிருந்தது. நாய் குரைத்தது, மற்றவை யாவும் எழுந்தன. அது மட்டும் எழவில்லை. நீரை அடித்துக்கொண்டு சிறிது தூரம் ஓடி நின்றது.

நாங்கள் வழக்கம்போல் கையிலிருந்த ரொட்டித் துண்டுகளை அதற்கு எறிந்தோம். எறிந்தவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த அமர்வில் நம் அன்பர் ஒருவர் அப்பறவையைப் பற்றி ஒரு கவிதை வாசித்தார். நல்ல கவிதைதான். ஆனால் அதில் குப்பத்துச் சிறுவன் ஒருவனின் கவண்கல் அச்சிறகை ஒடித்ததாகக் கூறப்பட்டிருந்தது. அவையோர் கைதட்டினர். அக்கவிதையை இம்மலரில் சேர்ப்பதென்றும் அன்றே முடிவாயிற்று. அந்தக் கவண்கல்லை எவர் கண்டார் என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம் அதுவே.

கேட்டவர் குப்பத்தில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர். வீட்டில் கோழியும் வாத்தும் வளர்த்துப் பழகியவர். கவிதையின் பொருளை நான் அவரிடம் சொன்னபோது அவர் சினக்கவில்லை, பறவையைத்தான் பார்த்தார். "டீச்சரம்மா, அடிபட்ட ரெக்கைன்னா கீழே தொங்கும்மா. இது தொங்கலியே, வெளியே திரும்பிக்கினு நிக்குது. குஞ்சா இருக்கறப்பவே இப்படித்தான் வளந்திருக்கும்" என்றார். இவ்வளவே அவர் சொன்னது. பின்னர்ப் பறவை மருத்துவ நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, அவர் ஒரே பார்வையில் பிரித்தறிந்த வேறுபாட்டையே அவை பல பக்கங்களில் விரித்துரைக்கக் கண்டேன்.

வாத்து, தாரா, அன்னம் ஆகிய நீர்ப்புள் இனங்களில் காணப்படும் இக்குறைக்கு ஆங்கிலேயர் 'தேவதைச் சிறகு' என்று பெயரிட்டுள்ளனர். ஓவியங்களில் தேவதையரின் சிறகுகள் வெளிப்புறம் விரிந்து நிற்பதனால் இப்பெயர் வந்தது போலும். ஊனத்திற்கு இத்துணை அழகிய பெயரா என்று எனக்குத் தோன்றும். கவிஞர்கள் அதனைத் தமிழில் ஆளாதிருப்பது நன்று. 'திருகிய சிறகு' என்றாலே போதும். இது நேரும் முறை பின்வருமாறு: குஞ்சுக்குப் பறத்தல் இறகுகள் முளைக்கும் காலத்தில் இறகுத்தண்டுகள் குருதி நிறைந்து கனத்திருக்கும். உடல் தன் இயல்பான வேகத்தில் வளர்ந்தால், சிறகின் மணிக்கட்டுப் போன்ற கடைசி மூட்டு அப்பாரத்தைத் தாங்கும் வலிமையை உரிய காலத்தில் பெற்றுவிடும். வளர்ச்சி மிக விரைந்தால் இறகு முந்திக்கொள்கிறது. மூட்டும் தசையும் பின்தங்குகின்றன. பாரம் இழுக்க, மூட்டு வெளிப்புறமாகத் திருகிக்கொள்கிறது. இடச்சிறகில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. தொடக்கத்திலேயே கண்டு சிறகை மடித்துத் துணிப்பட்டையால் சில நாட்கள் கட்டி வைத்தால் நேராவதுண்டு. எலும்பு முற்றியபின் மீட்சியில்லை. அப்பறவை வாழ்நாள் முழுதும் தரையிலும் நீரிலுமே கிடக்க வேண்டியதுதான்.

பறக்காத வாத்தெல்லாம் ஊனமுற்றது என்று கொள்ளலும் பிழை. இனப்பெருக்கக் காலத்தின் பின் வாத்தினங்கள் தம் பறத்தல் இறகுகள் அனைத்தையும் ஒருசேர உதிர்க்கின்றன. சில வாரங்கள் அவை பறக்கவியலாமல் நாணற்புதர்களில் ஒளிந்து வாழும். பிறகு புதிய இறகு முளைத்துப் பறந்து செல்லும். நாம் கண்டது அத்தகையதன்று.

விரைந்த வளர்ச்சிக்குக் காரணம் யாது? மாவுச்சத்தும் புரதமும் மிகுந்த, உழைக்காமல் கிடைக்கும் உணவு என்பது பரவலான கருத்து. மாங்கனீசு, உயிர்ச்சத்து ஆகியவற்றின் குறைபாடும், பரம்பரை இயல்பும் காரணமாகலாம் என்பர். மேலைநாட்டுப் பூங்காக் குளங்களில் மக்கள் எறியும் ரொட்டியே குற்றவாளி என்று நெடுங்காலம் அறிவிப்புப் பலகைகள் கூறி வந்தன. ஆனால் 2018-இல், அன்னப்பறவைகளை ஆய்வதில் புகழ்பெற்ற ஆக்சுபோர்டுப் பேராசிரியர் கிறிஸ்டோபர் பெரின்ஸ், ரொட்டிக்கும் இக்குறைக்கும் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்றில்லை என்று வெளிப்படையாக எழுதினார். அன்னங்கள் பட்டினியால் நலியாதிருக்க ரொட்டி இடுவதில் தவறில்லை என்பது அவர் கருத்து. எனவே நம் ரொட்டித் துண்டுகள்தாம் அச்சிறகைத் திருகின என்று நான் கூறவில்லை. குப்பத்துச் சிறுவனைச் சான்றின்றிக் குற்றஞ்சாட்டியதைக் கண்டிக்க வந்தவள், அதே பிழையை நம்மீது செய்தலாகாது. ஆயினும் வளரும் குஞ்சுகள் உள்ள நீரில் ரொட்டி எறிவதை நான் நிறுத்திக்கொண்டேன்.

இனி, இக்கழிமுகத்தில் புள்ளின் சிறகுக்கு மனிதர் கையால் நேர்ந்தவற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். வரலாறு என்று நான் கருதுவது இதனையே.

கவண்கல்லுக்கு முன் துப்பாக்கி வந்தது. சென்னையைச் சூழ்ந்த ஏரிகளிலும் கழனிகளிலும் உள்ளான் சுடுவது ஆங்கில அதிகாரிகளுக்கு விருப்பமான பொழுதுபோக்காக இருந்தது. வேடந்தாங்கல் ஊர்மக்கள், வீரர்கள் தம் ஏரியில் பறவைகளைச் சுட்டது பொறாமல் செங்கற்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டுக் காப்புறுதி பெற்றது 1798-ஆம் ஆண்டில். 1858-இல் அவ்வுறுதி புதுப்பிக்கப்பட்டது. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாகும் என்று அறிந்த உழவர்கள் அவர்கள். அருளும் பயனும் அவர்கள் முறையீட்டில் பிரிக்கவியலாமல் கலந்திருந்தன. அதனாலேயே அது நிலைத்தது என்பது என் துணிபு. துப்பாக்கி ஏந்தியவர் யார், தடுத்தவர் யார் என்பதை நம் கவிதைகள் நினைவில் கொள்வது நலம்.

துப்பாக்கியை அடுத்து வணிகம் வந்தது. ஐரோப்பிய மகளிரின் தொப்பிகளில் செருகுவதற்காகக் கொக்கின் இனப்பெருக்கக்காலத் தூவிகள் பொன்னுக்கு நிகராக விலைபோன காலம் ஒன்று இருந்தது. 1902-இல் இந்திய அரசு பறவைத்தோலையும் இறகையும் ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. இலண்டனில் இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் 1921 வரை வரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் கள்ளக்கடத்தல் தொடர்ந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கூண்டும் உண்டு. சென்னை உயிரியல் பூங்கா 1855-இல் எட்வர்டு பால்போரின் முயற்சியால் தொடங்கிப் பின்னர்ப் பீப்பிள்ஸ் பார்க்கில் நெடுங்காலம் இயங்கியது. அதன் அருகே மூர் மார்க்கெட்டில் கிளியும் புறாவும் கூண்டுகளில் விற்கப்பட்டன. பறக்கும் இறகுகள் கத்தரிக்கப்பட்ட கிளியை வாங்கிச் செல்வதில் எவர்க்கும் தயக்கம் இருந்ததில்லை. உலகெங்கும் உயிரியல் பூங்காக்களில், திறந்த குளத்தில் விடப்படும் வாத்துக் குஞ்சின் ஒரு சிறகின் கடைசி மூட்டையே அறுத்து நீக்கும் வழக்கமும் இருந்து வந்துள்ளது. இயற்கையில் திருகிக்கொள்ளும் அதே மூட்டு! 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அதே ஆண்டு சூலைத் திங்களில் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. அங்குள்ள ஓட்டேரி ஏரிக்குக் காட்டுப் பறவைகள் தாமே வந்து தங்குகின்றன. கூண்டிலிருப்பதைப் பார்க்கச் சென்ற சிறார், கூண்டின்றி வந்ததையும் பார்க்கிறார்கள்.

சிறகை அறுப்பது பற்றிய இப்பேச்சில் குப்பத்திற்கு மிக அருகில் வாழ்ந்த ஒருவரை மறத்தல் ஆகாது. ஒல்காட் குப்பம் யார் பெயரைத் தாங்கியுள்ளதோ அந்தக் கர்னல் ஒல்காட், பிளாவட்ஸ்கி அம்மையாருடன் 1882-இல் அடையாற்றின் தென்கரையில் பிரம்மஞான சபையை நிலைபெறச் செய்தவர். 1894-இல் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தவர். 1907-இல் அடையாற்றிலேயே மறைந்தவர். அச்சபையின் நிழலில் வளர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் கலாட்சேத்திரத்தைத் தொடங்கினார் என்பது எவரும் அறிந்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்து விலங்குவதைத் தடுப்பு மசோதாவைக் கொணர்ந்தவரும் அவரே என்பதைக் கலையன்பர்கள் பலர் அறியார். அம்மசோதாவை அரசின் உறுதிமொழி பெற்றுத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் நிறைவேறியது. உயிர்களின் உறுப்பைச் சிதைத்தல் குற்றம் என்று அச்சட்டம் கூறுகிறது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நாட்டியத்தில் மயிலின் சிறகைக் கைகளால் காட்டும் ஒரு மரபை வளர்த்தவர், மெய்யான சிறகுக்காக மன்றத்தில் வாதாடினார். அவர் நடந்த ஆற்றங்கரையில்தான் நாம் நிற்கிறோம்.

சட்டம் எட்டாதவை இரண்டு: நீரும் நூலும்.

நீரைப் பற்றிச் சொல்வதாயின், அடையாறு நகரின் கழிவைச் சுமந்து வருகிறது; கோடையில் முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துவிடும்; மணலை வெட்டித் திறந்தால்தான் கடல்நீர் உட்புகும். 'சிறை' என்ற சொல்லின் அணைப்பொருள் இங்கே தன்னால் அமைந்துவிடுகிறது. உடைந்த பாலம் 1967-இல் கட்டப்பட்டு 1977-இல் வெள்ளத்தில் இடிந்தது. அதன்பின் கழிமுகத்தின் விளிம்புகளில் நிலம் நிரப்பப்பட்டுக் கட்டடங்கள் எழுந்தன. மாம்பலம் ஏரி தியாகராய நகரானது போல இதுவும் ஆகிவிடும் என்ற அச்சம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. 1978-இல் தோன்றிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி உறுப்பினர்கள் இக்கழிமுகத்துப் பறவைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதி வைத்திராவிடில், இங்கே என்ன இருந்தது என்பதற்கே சான்று குறைந்திருக்கும். மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் அவர்களின் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தமிழ்க் கட்டுரைத் தொகுப்பை நம் கவிஞர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? பி. எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என் மேசையில் இருந்தும், அதனை எடுத்துக்கொண்டு கழிமுகத்திற்குச் செல்லவேண்டும் என்று எனக்கே நெடுநாள் தோன்றவில்லை. ஆற்றின் வடகரையில் 58 ஏக்கர் நீர்நிலம் மீட்கப்பட்டு 2011-இல் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. தொல்காப்பியர் பெயரால் பறவைக்கு ஓர் இடம் கிடைத்தது என்பதில் தமிழாசிரியை என்ற முறையில் எனக்கொரு தனி மகிழ்ச்சி.

நீரில் நஞ்சு கலந்தால் சிறகு என்னவாகும் என்பதைக் கலிபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கம் 1983-இல் காட்டியது. வயல்களிலிருந்து வடிந்த நீர் செலீனியம் என்னும் தனிமத்தை அங்கே கொண்டு சேர்த்தது. வாத்து, நாமக்கோழி, நெடுங்கால் உள்ளான் முதலியவற்றின் முட்டைகளில் கண்ணின்றியும் காலின்றியும் சிறகின்றியும் கருக்கள் உருவாயின. நம் கழிமுகத்தில் நடக்கும் பவளக்கால் உள்ளான் அந்த நெடுங்கால் உள்ளானின் நெருங்கிய உறவு. வட அமெரிக்க ஏரிகளில் 1990-இலும் 1992-இலும் இளம் நீர்க்காகங்கள் பெருந்தொகையாக மடிந்தன. உயிர் தப்பியவற்றில் பல ஒரு சிறகு செயலற்றுத் தொங்க வாழ்ந்தன. காரணம், நம் நாட்டுப்புறத்தார் கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் என்று அறிந்த நோய்தான். இந்திய மருத்துவர் அதனை இராணிக்கெட் நோய் என்பர். ஆக, ஒரு சிறகு கெடுவதற்கு நஞ்சு, நோய், உணவு, காயம் எனப் பல வழிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சிறகில் தன் அடையாளத்தை வேறுவேறாக விட்டுச்செல்கிறது. மூதாட்டி படித்தது அவ்வடையாளத்தைத்தான்.

நூலைப் பற்றி எழுதும்போது குப்பத்தார்க்காக மட்டும் வழக்காடிவிட இயலாது. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் மரக்கிளைகளில் சிக்கிக் கிடந்து பறவைகளின் சிறகை அறுக்கிறது. செயற்கை இழை மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுதும் தடை செய்தது. ஆனால் கழிமுகத்து மணலில் நான் மிகுதியாகக் கண்டது மாஞ்சா அன்று. அறுந்த தங்கூசி வலைத் துண்டுகள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிழை அது. நீர்க்காகமும் கொக்கும் அதில் சிக்கினால் விடுபடுதல் அரிது. பருத்தி நூல் வலைகள் இருந்த காலத்தில் அறுந்த வலை மட்கிப் போகும். தங்கூசி மட்காது. விலைமலிவும் உழைப்புக் குறைவும் கருதி மீனவர் அதனை ஏற்றனர். அவர்களை அதன்பால் தள்ளிய சந்தையில் நாம் மீன் வாங்குகிறோம். இதனை அம்மூதாட்டியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அது எங்க தப்புத்தாம்மா" என்று உடனே ஒப்புக்கொண்டார். ஒரு நொடியும் வாதாடவில்லை. நம் அவையில் அந்த எளிமையை நான் கண்டது அரிது.

இத்தனையும் எழுதும்போது என் நினைவில் இருந்தவன் ஆஅய் எயினன். பாழிப் போர்க்களத்தில் மிஞிலியொடு பொருது வீழ்ந்த அவனைப் பரணர் அகப்பாடல்களில் மீண்டும் மீண்டும் நினைக்கிறார். புள்ளினத்திற்குக் காவலாக வாழ்ந்தவன் அவன். அவன் உடல் வெயிலில் காயாதவாறு பறவைகள் வானில் ஒருங்கு கூடித் தம் சிறகுகளால் நிழல் செய்தன என்பது அப்பாடல்கள் தரும் செய்தி. காவல், சிறகு என்னும் 'சிறை'யின் இருபொருளும் அங்கே முரணின்றி ஒன்றாகின்றன. அவன் காத்தான், அவை காத்தன. மாணவியர் கேட்ட கேள்விக்கு இனி இதனையே விடையாகக் கூறலாம் என்றிருக்கிறேன். சொற்பிறப்பு நூலார் ஒப்பாமற் போகலாம். பிசிராந்தையார் அன்னத்தை விளித்துக் கோப்பெருஞ்சோழனிடம் தூது விடும் புறப்பாடலும் (67) நினைவுக்கு வருகிறது. குமரித்துறையில் மேய்ந்து வடமலை நோக்கிச் செல்லும் பறவை அது. தூது என்னும் இலக்கிய வகையே வலசைப் பறவையின் நலமான சிறகை நம்பி எழுந்தது. தமிழில் ஒருவகை வாத்துக்குச் 'சிறகி' என்றே பெயர். பறவைகள் அனைத்திற்கும் சிறகு இருக்க, சிறகால் பெயர் பெற்றது இதுதான்.

கவிதை எழுதிய அன்பரிடம் மூதாட்டி கூறியதைத் தெரிவித்தேன். முதலில் வருந்தினார்; கவிதைக்குச் சான்று கேட்பதா என்று வினவினார். ஒரு பெயரில்லாச் சிறுவன்மீது சுமத்திய குற்றத்திற்குச் சான்று கேட்பேன் என்றேன். பத்து நாட்கள் என்னோடு பேசவில்லை. பிறகு தாமே குப்பத்திற்குச் சென்று வந்தார். கவண்கல் வந்த நான்கு அடிகளை நீக்கியபின் அக்கவிதை இம்மலரில் இடம்பெறுகிறது. முன்னதைவிடச் சற்று மெலிந்துவிட்டது என்று அவர் கருதுகிறார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

அவ்வாண்டு பங்குனி பிறந்ததும் நீலச்சிறகிகள் வடக்கே சென்றன. திருகிய சிறகுடைய வாத்து உடைந்த பாலத்தின் நிழலில் மேலும் சில வாரங்கள் மேய்ந்தது. மேடு கட்டி முகத்துவாரம் அடைபட்டு, நாய்கள் மணல்வழியே அக்கரைக்குச் சென்று வரத் தொடங்கிய பின் நாம் அதனைக் காணவில்லை. இப்போது நடைக்குச் செல்லும்போது ரொட்டிக்குப் பதில் ஒரு கோணிப்பை எடுத்துச் செல்கிறோம். அறுந்த வலைத் துண்டுகளைப் பொறுக்கி அதிலிட்டு மூதாட்டியின் வாசலில் வைத்துவிடுவோம். அவர் வீட்டுப் பையன்கள் அவற்றை எடைக்குப் போடுகிறார்கள்.